நான்கு கோடி வரிகளில் ஒரு கப்பல்

படம் ஓடுகிறது, எழுத்து உறைகிறது

நான்கு கிகாபைட் அளவுள்ள ஒரு திரைப்படத்தைக் கணினியில் சொடுக்கினால் கண்ணிமைப்பதற்குள் ஓடத் தொடங்குகிறது. சண்டைக் காட்சியைத் தேடி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டச் சொன்னாலும் உடனே தாண்டிவிடுகிறது. அதே கணினியில் அதே அளவுள்ள வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றைச் சொடுக்குங்கள். சுட்டி சுழலும், திரை வெளிறும், மின்விசிறி இரையும். சில செயலிகள் "கோப்பு மிகப் பெரிது" என்று கையை விரிக்கும். மற்றவை ஒன்றும் சொல்லாமல் உறைந்துபோகும்.

இது தலைகீழாக அல்லவா இருக்கிறது? படத்தில் நிறம் உண்டு, ஒலி உண்டு, வினாடிக்கு 24 சட்டகங்கள் உண்டு. எழுத்துக் கோப்பில் எழுத்துகளைத் தவிர எதுவுமில்லை. எளிமையானது திணறுகிறது, சிக்கலானது ஓடுகிறது. கணினி பழசு, நினைவகம் போதாது என்று பலரும் முடிவுகட்டிவிடுவார்கள். அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி, அந்தக் கோப்பைத் திறக்கும்போது நாம் அறியாமலே என்ன கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள உண்மையிலேயே பெரிதாக வளரக்கூடிய ஒரு கோப்பு வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தில் அப்படி ஒன்றை உருவாக்கிப் பார்ப்போம்.

துறைமுகம் ஓயாமல் பேசுகிறது

மா ஆலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பல், சீமெந்து ஆலைக்கு மூலப்பொருள் கொண்டுவரும் கப்பல், சீனக்குடா எண்ணெய்க் குதங்களைத் தேடி வரும் தாங்கிக் கப்பல், கிழக்குக் கரையை ஒட்டிச் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் போகும் கப்பல்: எல்லாமே வானொலி அலையில் தம்மைப் பற்றி ஓயாமல் அறிவித்துக்கொண்டே நகர்கின்றன. இதற்குத் தானியங்கி அடையாள முறைமை என்று பெயர். கடலோடிகள் அதன் ஆங்கிலச் சுருக்கமான ஏஐஎஸ் என்பதையே சொல்வார்கள். சர்வதேசப் பயணத்தில் ஈடுபடும் 300 மொத்தத் தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும் எல்லாப் பயணிகள் கப்பல்களும் 2004 இறுதிக்குள் இந்தக் கருவியைப் பொருத்த வேண்டும் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதி. கப்பலும் கப்பலும் மோதாமல் இருப்பதற்காக வந்த ஏற்பாடு இது. ஆனால் ஒரு உணர்கொம்பும் சிறிய வாங்கியும் இருந்தால் கரையிலிருக்கும் எவரும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

எவ்வளவு அடிக்கடி பேச வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. நங்கூரமிட்ட கப்பல் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை தன் இடத்தைச் சொல்லும். மணிக்கு 14 கடல் மைல் வரையான வேகத்தில் ஓடும் கப்பல் பத்து வினாடிக்கு ஒரு தடவை சொல்லும். இன்னும் விரைந்தாலோ திரும்பினாலோ இடைவெளி மேலும் குறையும்.

திருகோணமலையின் உவர்மலையில் ஒரு வாங்கியைப் பொருத்தியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் காதுக்கு எட்டும் தூரத்தில் எந்த நேரமும் சராசரியாக 12 கப்பல்கள் ஓடிக்கொண்டும், 10 கப்பல்கள் கொட்டியாரக் குடாவிலும் உட்துறைமுகத்திலும் நங்கூரமிட்டும் இருக்கட்டும். பத்து வினாடிக்கு ஒன்று என்றால் ஓடும் கப்பல் ஒன்று நாளுக்கு 8,640 செய்தி அனுப்பும். 12 கப்பல்களுக்கு 1,03,680. நங்கூரமிட்ட கப்பல் ஒன்று 480, பத்துக்கு 4,800. ஆக, ஒரு நாளைக்கு 1,08,480 செய்திகள்.

ஒவ்வொரு செய்தியையும் ஒரு வரியாகக் கோப்பில் எழுதுகிறோம். நேரம், கப்பலின் ஒன்பது இலக்க எண் (இலங்கைக் கொடியுடைய கப்பலுக்கு அது 417 என்று தொடங்கும்), அகலக்கோடு, நெடுங்கோடு, வேகம், திசை, பெயர். இடையிடையே காற்புள்ளி. வரிக்குச் சராசரி 100 பைட் பிடிக்கும். ஒரு ஆண்டில் 3 கோடியே 95 இலட்சத்து 95 ஆயிரத்து 200 வரிகள் சேரும். அளவு ஏறக்குறைய நான்கு கிகாபைட்.

எண்களை மிகைப்படுத்திக் கட்டிவிட்டோம் என்று எண்ண வேண்டாம். டென்மார்க்கின் கடல்சார் நிர்வாகமும் அமெரிக்க அரசும் தங்கள் கடற்பரப்பின் ஏஐஎஸ் தரவை நாளுக்கு ஒரு கோப்பாக எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகின்றன. அவற்றின் பக்கத்தில் வைத்தால் நம் கோப்பு சிறிசு.

படத்துக்கு உண்டு, உரைக்கு இல்லை

படக் கோப்பின் உள்ளே ஒரு பொருளடக்கம் ஒளிந்திருக்கிறது. எத்தனையாவது வினாடியின் காட்சி கோப்பின் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று அதில் எழுதியிருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குப் போ என்றதும் படம் காட்டும் செயலி அந்தப் பட்டியலைப் பார்த்து நேரே அங்கே போகிறது. போன இடத்தில் சில வினாடிகளுக்குத் தேவையானதை மட்டும் வாசிக்கிறது, காட்டுகிறது, மறந்துவிடுகிறது. நான்கு கிகாபைட்டும் ஒரே நேரத்தில் நினைவகத்துக்கு வருவதே இல்லை. அந்தப் பொருளடக்கம் பழுதானால் படமும் ஓடாது. பாதியில் அறுந்த பதிவுகள் திறக்க மறுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

உரைக் கோப்பில் பொருளடக்கம் கிடையாது. "வரி" என்று நாம் சொல்வதுகூடக் கோப்புக்குத் தெரியாது. முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட் வரை ஒரே நீட்டு. இடையில் ஆங்காங்கே "இங்கே வரி முடிகிறது" என்ற ஒற்றைக் குறி, அவ்வளவுதான். எல்லா வரியும் சரியாக 100 பைட் என்றால் இரண்டு கோடியாவது வரி எங்கே தொடங்கும் என்பதைப் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் கப்பலின் பெயர் நான்கு எழுத்தாகவும் இருக்கும், இருபது எழுத்தாகவும் இருக்கும். வரிகளின் நீளம் மாறும்போது பெருக்கல் பலிக்காது. இரண்டு கோடியாவது வரியை அடைய, அதற்கு முந்திய வரிமுடிவுக் குறிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டுதான் போக வேண்டும்.

நாம் பாவிக்கும் செயலியோ திறந்த கணமே ஓரத்தில் வரி எண் காட்ட விரும்புகிறது. பக்கவாட்டு உருள்பட்டையின் நீளத்தைக் கணிக்க மொத்தம் எத்தனை வரி என்று அறிய விரும்புகிறது. நீண்ட வரிகளை மடித்துக் காட்டவும், சொற்களுக்கு நிறம் தீட்டவும் விரும்புகிறது. நீங்கள் பார்க்கக் கேட்டது முதல் நாற்பது வரி. அது செய்யத் தொடங்கும் வேலை நான்கு கோடி வரிக்கு.

திருத்தும் உரிமைக்கு ஒரு விலை

உரையைத் திறந்து, மாற்றி, சேமிக்கும் செயலியை உரைத்தொகுப்பி என்போம். நோட்பேட் அந்த இனம். அது நமக்கு ஒரு பெரிய வாக்குறுதி தருகிறது: எந்த இடத்திலும், எந்த நேரத்திலும், எதையும் மாற்றலாம். வேகத்தைத் தின்பது இந்த வாக்குறுதிதான்.

கோப்பு முழுவதையும் நினைவகத்தில் அடுத்தடுத்து அடுக்கி வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். பந்தியில் எல்லா இலைக்கும் ஆள் அமர்ந்தபின் நடுவில் ஒருவரை உட்கார வைக்க வேண்டுமானால், அவருக்கு அப்பால் இருக்கும் அத்தனை பேரும் ஓரிடம் தள்ளி அமர வேண்டும். கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தாலும் மீதி நானூறு கோடி பைட்டும் ஓரிடம் நகர வேண்டும். அதோடு, விண்டோஸ் செயலிகள் பல உள்ளுக்குள் எழுத்துக்கு இரண்டு பைட் ஒதுக்குகின்றன. ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறைந்த நம் நான்கு கிகாபைட் அங்கே எட்டாகிவிடும். எட்டு கிகாபைட் நினைவகமுள்ள மடிக்கணினியில் அதற்குமேல் இடமில்லை. வழிகிற பகுதியைக் கணினி வட்டில் எழுதி எழுதி மீட்கத் தொடங்கும். உறைந்த திரைக்குப் பின்னால் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

இதற்கு ஓர் அழகான தீர்வு 1970களிலேயே கிடைத்தது. அமெரிக்காவின் சிராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்ள்ஸ் சிமோனியும் 1974இல் உருவாக்கிய பிராவோ என்ற தொகுப்பியில் அது பயன்பட்டது. துண்டு அட்டவணை என்று அதை அழைக்கலாம். மூலக் கோப்பைத் தொடவே கூடாது. புதிதாக எழுதுவதெல்லாம் தனியாக ஒரு பக்கத்தில் சேரும். உரை எப்படித் தோன்ற வேண்டும் என்பதைச் சிறு பட்டியல் ஒன்று சொல்லும்: மூலத்தின் தொடக்கத்திலிருந்து இந்த இடம் வரை, பிறகு புதுப் பக்கத்தில் 12 பைட், பிறகு மூலத்தின் மீதி. நான்கு கிகாபைட்டின் நடுவே ஒரு சொல்லைச் செருகும் செலவு, பட்டியலில் மூன்று வரிகள். செய்ததை மீட்பதும் எளிது, ஏனென்றால் எதுவும் அழியவில்லை. சிமோனி பின்னர் மைக்ரோசொஃப்ட் போய் வேர்ட் செயலியை உருவாக்கியபோது இந்த உத்தியும் அங்கே சென்றது.

நல்ல உத்தி இருந்தாலும் கணக்கு வைப்பதில் தவறலாம். நிரலாளர்கள் பெரிதும் விரும்பும் விஎஸ் கோட் தொகுப்பி ஒரு காலத்தில் ஒவ்வொரு வரிக்கும் 40 முதல் 60 பைட் அளவில் தனிக் குறிப்பு வைத்திருந்தது. பாவனையாளர் ஒருவரின் 35 மெகாபைட் கோப்பில் 1 கோடியே 37 இலட்சம் குட்டி வரிகள் இருந்தன. குறிப்புகளுக்கு மட்டும் 600 மெகாபைட் தேவைப்பட்டு, கோப்பே திறக்கவில்லை. கோப்பைவிட அதன் கணக்கேடு பல மடங்கு கனத்தது. விஎஸ் கோட்டை உருவாக்கியவர்கள் 2018இல் துண்டு அட்டவணைக்கு மாறினார்கள். பெரிய கோப்பு வந்தால் நிறம் தீட்டுவது போன்ற வேலைகளைத் தானாகவே கைவிடவும் அந்தத் தொகுப்பிக்குத் தெரியும்.

ஒரு மெகாபைட் பெரிதாக இருந்த காலம்

"பெரிய கோப்பு" என்பது காலத்துக்குக் காலம் மாறும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் லீ மக்மஹோன் என்பவருக்கு ஒரு சிக்கல் வந்தது. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788இல் வெளிவந்த 85 கட்டுரைகளில் எவற்றை யார் எழுதினார் என்பதைச் சொற்களின் பயன்பாட்டை வைத்து ஆராய விரும்பினார். எல்லாம் சேர்ந்து ஒரு மெகாபைட்டைச் சுற்றித்தான் இருக்கும். இன்று கைத்தொலைபேசிப் புகைப்படம் ஒன்று அதைவிடப் பெரிசு. ஆனால் அன்று நினைவகம் கிலோபைட் கணக்கில் இருந்தது. ஈடி என்ற தொகுப்பியால் அந்த உரையைத் தாங்க முடியவில்லை.

அவருக்கு உதவ வந்த சக ஆய்வாளர் கென் தொம்சன் தொகுப்பியைப் பெரிதாக்கவில்லை. அதிலிருந்த தேடும் பகுதியை மட்டும் உருவி எடுத்துத் தனி நிரலாக்கினார். ஒரே இரவில் செய்தார் என்று அவருடைய சகா பிரையன் கெர்னிகன் சொல்லியிருக்கிறார். அதுதான் கிரெப். ஒரு வரியை வாசிக்கும், தேடும் சொல் இருந்தால் காட்டும், இல்லாவிட்டால் மறந்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். ஒரே தடவையில் அது நினைவில் வைத்திருப்பது கோப்பின் மிகச் சிறிய பகுதியைத்தான். ஆகவே கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதற்குக் கவலையில்லை. இதைத் தாரை வாசிப்பு என்று சொல்வோம்.

திருத்தும் உரிமையை விட்டுக்கொடுத்ததும் சுமை இறங்கிவிட்டது. வினாடிக்கு 500 மெகாபைட் வாசிக்கும் திண்ம நிலை வட்டில் நம் கோப்பை முழுவதும் தாரையாக வாசிக்க எட்டு வினாடி போதும். 100 மெகாபைட் வேகமுள்ள பழைய வன்தட்டில் நாற்பது வினாடி. இன்றைய மக், லினக்ஸ் கணினிகளில் கிரெப்பும், பார்ப்பதற்கு மட்டுமான லெஸ் என்ற நிரலும் இருக்கின்றன. விண்டோஸுக்கும் அவை கிடைக்கும்.

வலை அறுந்த இரவு

இப்போது ஒரு கேள்வியோடு கோப்பிடம் போவோம். செப்டெம்பர் 14 அதிகாலை 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் நிலாவெளிக்கு வெளியே விரித்திருந்த வலையை ஏதோ ஒரு கப்பல் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று ஒரு மீனவர் முறையிடுகிறார் என வைத்துக்கொள்வோம். எந்தக் கப்பல்?

முதல் எச்சரிக்கை நேரத்தைப் பற்றியது. இத்தகைய பதிவுகள் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் இருக்கும். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே கோப்பில் தேட வேண்டியது செப்டெம்பர் 13 இரவு 8.30 முதல் 9.30 வரை. இதைக் கவனிக்காதவர் எந்தக் கருவியைப் பாவித்தாலும் தவறான கப்பலைத்தான் பிடிப்பார்.

செய்திகள் வந்த வரிசையிலேயே எழுதப்பட்டதால் கோப்பு தானாகவே கால ஒழுங்கில் இருக்கிறது. பொருளடக்கம் இல்லாத குறையை இந்த ஒழுங்கு தீர்க்கும். வரி எண்ணை மறந்துவிட்டு, பைட் கணக்கில் நேரே கோப்பின் நடுவுக்குத் தாவுவோம். லெஸ் நிரலில் 50 என்று தட்டி விழுக்காட்டுக் குறியை அழுத்தினால் அங்கே போய் நிற்கும். எந்த வரியையும் எண்ண வேண்டியதில்லை. கப்பல் போக்குவரத்து ஆண்டு முழுவதும் ஒரே சீர் என்று கொண்டால் அங்கே இருப்பது ஜூலை 2. நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு. முதல் பாதியை மறந்துவிடலாம். மீதியின் நடு ஒக்டோபர் 1. தாண்டிவிட்டோம். இரண்டுக்கும் நடுவே ஓகஸ்ட் 17. போதாது. அடுத்தது செப்டெம்பர் 8. அடுத்தது செப்டெம்பர் 20. ஆறாவது தாவலில் செப்டெம்பர் 14. நமக்கு வேண்டிய 13 இரவுக்கு ஒரு நாளுக்குள் நெருங்கிவிட்டோம்.

ஒவ்வொரு தாவலும் மிஞ்சியிருப்பதைப் பாதியாக்குகிறது. நான்கு கோடி வரிகளை இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால் 26 தாவலுக்குள் ஒற்றை வரியில் வந்து நிற்கும். கோப்பு இருமடங்கானால் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஒரு தாவல். முழுக் கோப்பையும் திறக்க முயன்ற கணினி உறைந்துபோயிற்று. அதே கணினி 26 இடங்களில் சில நூறு பைட்டுகளை மட்டும் எட்டிப் பார்த்து வேலையை முடித்துவிடுகிறது.

நமக்கு வேண்டிய அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை வரிகள்? நாளின் 1,08,480ஐ 24ஆல் வகுத்தால் 4,520. அளவு அரை மெகாபைட்டுக்கும் குறைவு. அதை வெட்டித் தனிக் கோப்பாக்கினால் எந்த எளிய தொகுப்பியும் உடனே திறந்துவிடும். நிலாவெளிக்கு நேரே உள்ள கடற்பரப்பின் அகலக்கோடு, நெடுங்கோடு எல்லைக்குள் வரும் வரிகளை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது ஒன்றிரண்டு கப்பல்களின் தடமாக இருக்கும்.

வெட்டும்போது எழுத்து அறுபடாமல்

பெரிய கோப்பைப் பல துண்டுகளாக வெட்டித் திறப்பதும் வழக்கமான உத்திதான். ஆனால் பைட் கணக்கில் வெட்டினால் வரி நடுவில் அறுபடும். தமிழாக இருந்தால் எழுத்தே அறுபடும். இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு ஒருங்குறிக் குறிக்கும் மூன்று பைட். "கோ" என்பதில் ககரமும் ஓகாரக் குறியும் தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால் ஆறு பைட். "திருகோணமலை" ஆறு எழுத்து, பத்துக் குறி, 30 பைட். ஊரின் ஆங்கிலப் பெயருக்குப் பதினொன்று போதும். நம் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் துறைமுகத்தின் பெயரைத் தமிழில் ஒரு காற்புள்ளியோடு சேர்த்தால் கோப்பு இன்னும் 1.2 கிகாபைட் வீங்கும். அதனால் தமிழைத் தவிர்க்க வேண்டியதில்லை. வரி எண்ணிக்கையை வைத்து வெட்டினால் போதும், எழுத்து உடையாது.

எக்ஸெல்லில் திறக்கலாமே என்று தோன்றும். அதன் ஒரு தாளில் 10,48,576 வரிக்கு மேல் இடமில்லை. உவர்மலை வாங்கியின் பதிவு பத்தாம் நாளே அதைத் தாண்டிவிடும். மீதியை விட்டுவிட்டுத் திறந்ததை அப்படியே சேமித்தால் ஆண்டின் 355 நாட்கள் காணாமற் போகும். இங்கிலாந்தில் 2020 செப்டெம்பர் 25க்கும் ஒக்டோபர் 2க்கும் இடையில் 15,841 கொவிட் தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டது. பழைய எக்ஸெல் வடிவத்தின் 65,536 வரி எல்லைதான் காரணம். அந்தத் தொற்றாளர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் பல நாள் தாமதித்தது.

திறப்பதற்கு முன் கேட்க வேண்டியது

பெரிய கோப்பு ஒன்று கைக்கு வந்தால் மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, முதலில் நம் வேலை எது என்று தீர்மானிக்க வேண்டும். எப்படி இருக்கிறது என்று பார்க்க மட்டுமா? லெஸ் போன்ற பார்வையிடும் நிரல் போதும். ஏதாவதொன்றைத் தேடவா, எண்ணவா? தாரையாக வாசிக்கும் நிரலிடம் விடலாம். எல்லா வரியிலும் ஒரே மாற்றமா? தாரையாக வாசித்துக்கொண்டே புதிய கோப்பில் எழுதலாம். நடுவில் ஒரு சொல்லைக் கையால் திருத்தவா? அதற்குத்தான் உரைத்தொகுப்பி வேண்டும், அதுவும் துண்டு அட்டவணை போன்ற உத்தியுள்ளது. அப்போதும் சேமிக்கும் நேரத்தில் முழுக் கோப்பும் மறுபடி எழுதப்படும் என்பதை நினைவில் வைத்திருங்கள். இதே கேள்வி திரும்பத் திரும்ப வருமென்றால், படக் கோப்பில் இருப்பது போன்ற பொருளடக்கத்தை ஒரு தடவை கட்டிவைத்துக்கொள்ளும் தரவுத்தளத்துக்கு மாறுவது நல்லது.

வலை அறுந்த விவகாரத்தில் இன்னும் ஒன்று உண்டு. நம் கோப்பில் கிடைப்பது ஏஐஎஸ் கருவியை இயக்கிக்கொண்டு போன கப்பல்கள் மட்டுமே. போர்க்கப்பல்களை அந்த விதி கட்டுப்படுத்தாது. கருவியை அணைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகளுக்கு அந்தக் கருவி கட்டாயமில்லை. முறையிட்ட மீனவரின் படகுகூட நான்கு கோடி வரிகளில் ஒன்றிலும் இருக்காது. அவர் வலை விரித்த இடத்தை அவரிடம்தான் கேட்டறிய வேண்டும். அந்த நேரத்தில் கோப்பில் ஒரு கப்பல் தென்பட்டால் விசாரணையை அதிலிருந்து தொடங்கலாம். ஒன்றும் தென்படாவிட்டால், அங்கே கப்பலே வரவில்லை என்று எழுதிவிட முடியாது.